குக்கின் கப்பலில் இன்னொரு மாலுமி

பசிபிக் கடலை உலகுக்குத் திறந்துகாட்டியவர் ஜேம்ஸ் குக் என்கிறோம். அந்தப் பெருமையில் துபாயாவுக்கும் பங்கு உண்டு என்பது என் கட்சி. ரையாடேயா தீவில் பிறந்த துபாயா, கோயில் பூசாரி, கடல்வழி அறிந்தவர். போரா போரா வீரர்கள் தீவைப் பிடித்தபோது டஹிட்டிக்குத் தப்பி வந்தார். 1769 ஜூலையில் குக்கின் எண்டெவர் கப்பலில் ஏறினார். அவரைச் சேர்க்க குக் முதலில் தயங்கினார். பொறுப்பேற்று அழைத்து வந்தவர் செல்வந்தரான ஜோசப் பேங்க்ஸ். ஊரில் சிலர் சிங்கம், புலி வளர்ப்பதுபோல நாமும் இவரை வைத்துக்கொள்ளலாமே என்று அவர் நாட்குறிப்பில் எழுதினார். மதிப்பைப் பாருங்கள்!

அந்தத் துபாயா தந்த வரைபடத்தில் 74 தீவுகள். மூலப்படம் தொலைந்துவிட்டது, குக்கின் பிரதி லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. தீவுகள் தாறுமாறாகக் கிடப்பதாக ஐரோப்பியர் நினைத்தார்கள். 2018-இல் எக்ஸ்டைன், ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர்கள் வேறு விளக்கம் தந்தார்கள். படத்தின் நடுவே குறித்திருப்பது நண்பகல் சூரியனை, அதாவது வடதிசையை. எந்தத் தீவிலிருந்து கிளம்பினாலும் அந்த நடுப்புள்ளியையே வடக்காக வைத்துத் திசை பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் தாறுமாறில் ஓர் ஒழுங்கு தெரிகிறது.

நியூசிலாந்துக் கரையை அளந்து வரைந்தவர் குக்தானே என்று கேட்கலாம். உண்மை, அந்தத் துல்லியம் முழுக்க அவருடையது. தெற்கே போகச் சொன்னதும் பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் ரகசிய உத்தரவு. ஆனால் கரையை அளக்கப் போனவர்களுக்குத் தண்ணீரும் உணவும் வேண்டும். அதற்குக் கரையிலிருப்பவர்களின் சம்மதம் வேண்டும். 1769 அக்டோபர் 8 அன்று குக்கின் ஆட்கள் அங்குள்ள பூர்வகுடிகளான மாவோரிகளில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் துபாயா தன் தாய்மொழியில் பேசினார், மாவோரிகளுக்குப் புரிந்தது. அன்றும் ரத்தம் சிந்தியது, மறைப்பதற்கில்லை. என்றாலும் அடுத்த சில மாதங்கள் பண்டமாற்றும் பேச்சும் நடந்தது அவரால்தான். இதை மறுபக்கத்திலிருந்து காட்டுவது ஆஸ்திரேலியா: 1770 ஏப்ரலில் அங்கே இறங்கியபோது துபாயாவின் மொழி எடுபடவில்லை; குக்காலும் அந்த மக்களோடு பேசிப் பழக முடியவில்லை.

1770 டிசம்பரில் துபாயா பட்டேவியாவில் (இன்றைய ஜகார்த்தாவில்) நோயுற்று இறந்தார். கெட்டிக்காரர், ஆனால் கர்வி என்று குக் எழுதிவைத்தார். 1773-இல் அவர் மீண்டும் நியூசிலாந்துக்குப் போனபோது, மாவோரிகள் துபாயா எங்கே என்று விசாரித்தார்கள்.