ராக் பேண்டிலிருந்து பாப் சோலோவுக்கு: குவென் ஸ்டெஃபானி போன பாதையில் யாருக்கு என்ன கிடைத்தது?

'டோன்ட் ஸ்பீக்' பாட்டை நீங்கள் எங்காவது கேட்டிருப்பீர்கள். 1995 ஆல்பத்தில் வந்த காதல் முறிவுப் பாட்டு. 2004-ல் வந்த 'கூல்', பிரிந்த இருவர் நல்ல நண்பர்களாகிவிட்டதைச் சொல்லும் பாட்டு. முதலாவது ராக், இரண்டாவது பாப். இரண்டையும் பாடியவர் குவென் ஸ்டெஃபானி. இரண்டுமே ஒரே ஆளைப் பற்றியவை: அவருடைய பேண்டின் பேஸ் கிட்டார் கலைஞர், இந்திய வம்சாவளியைச் சேர்ந்த டோனி கனால்.

இந்த இரண்டு பாட்டுக்கும் நடுவில் குவென் ஒரு பாப் நட்சத்திரம் ஆனார். பேண்ட் என்ன ஆச்சு? பார்ப்போம்.

யார் இந்த நோ டவுட்?

1986-ல் கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் தொடங்கிய பேண்ட். ஜமைக்காவில் பிறந்த ஸ்கா என்ற துள்ளல் இசையும் ராக்கும் கலந்த பாணி. ஆரம்பத்தில் பாட்டுகளைப் பெரும்பாலும் எழுதியவர் குவெனின் அண்ணன் எரிக். அவர் விலகியபோது எழுதும் பொறுப்பு தங்கையிடம் வந்தது.

1995-ல் வந்த 'ட்ராஜிக் கிங்டம்' உலகெங்கும் சுமார் 1.6 கோடி பிரதிகள் விற்றது. 'டோன்ட் ஸ்பீக்' அமெரிக்க ரேடியோ சார்ட்டில் 16 வாரங்கள் முதலிடம். ஆனால் பில்போர்டின் முக்கியப் பட்டியலான ஹாட் 100-ல் அது அப்போது இடம்பெறவே இல்லை! காரணம் எளிது. கடையில் சிங்கிளாக விற்காத பாட்டை அன்றைய விதிகள் கணக்கில் சேர்க்காது.

பிறகு ஏன் தனியாக?

ஒரே நாளில் எடுத்த முடிவு இல்லை. 2001-ல் ராப் பாடகி ஈவ் உடன் குவென் பாடிய 'லெட் மீ ப்ளோ யா மைண்ட்' ஹாட் 100-ல் 2-ம் இடம் வரை போனது, கிராமி விருதும் வாங்கியது. அதே ஆண்டு நோ டவுட்டின் 'ராக் ஸ்டெடி' ஆல்பமே டான்ஸ் இசைப் பக்கம் சாய்ந்திருந்தது.

பள்ளி நாட்களில் கேட்ட 80-களின் டான்ஸ் பாப் மாதிரி ஒரு ஆல்பம் செய்ய வேண்டும் என்பது குவெனின் ஆசை. முதலில் அதை டோனி கனாலுடன் சேர்ந்து செய்யும் சின்ன ப்ராஜெக்டாகத்தான் நினைத்தார். அது வளர்ந்து 2004 நவம்பரில் 'லவ். ஏஞ்சல். மியூசிக். பேபி.' ஆனது.

நிறுவனம் தடுக்கவில்லையா?

பொதுவாக அமெரிக்க ரெக்கார்டு நிறுவனங்கள் ஒரு பேண்டுடன் ஒப்பந்தம் போடும்போது, உறுப்பினர்களைத் தனித்தனியாகவும் அதில் சேர்த்துவிடும். யாராவது சோலோவாகப் போனால் அந்த ஆல்பத்துக்கும் முதல் உரிமை நிறுவனத்துக்கே. குவெனின் ஆல்பமும் பேண்டின் நிறுவனமான இன்டர்ஸ்கோப்பிலேயே வந்தது. ஹிட் ஆனால் நிறுவனத்துக்கு ஒன்றுக்கு இரண்டாக வருமானம். ஆனால் பேண்டின் மற்ற மூவருக்கு? காத்திருப்புதான்.

சோலோ என்றால் தனியாகவா?

பெயர்தான் சோலோ. பேண்டில் சில பேர். இந்த ஆல்பத்தில் லிண்டா பெர்ரி, ஃபாரெல் வில்லியம்ஸ், டாக்டர் ட்ரே, ஆண்ட்ரே 3000 என்று ஒரு பெரிய பட்டாளமே உண்டு. ராக் பேண்டில் பழகிய நாலு பேர் சேர்ந்து பாட்டை உருவாக்குவார்கள். பாப்பில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புது டீம். அறிமுகமே இல்லாதவர் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். அந்தப் பயத்தையே முதல் சிங்கிளான 'வாட் யூ வெயிட்டிங் ஃபார்?' பாட்டின் கருவாக்கினார் குவென். புது ஆபீஸில் முதல் மீட்டிங்கில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும்.

எண்கள் என்ன சொல்கின்றன?

- 'வாட் யூ வெயிட்டிங் ஃபார்?' ஆஸ்திரேலியாவில் முதலிடம். அமெரிக்காவில் வெறும் 47.
- 'ஹாலாபேக் கேர்ள்' (2005): ஹாட் 100-ல் 4 வாரங்கள் முதலிடம். அமெரிக்காவில் 10 லட்சம் டவுன்லோடுகள் விற்ற முதல் பாட்டு.
- ஆல்பம்: உலகெங்கும் சுமார் 70 லட்சம் பிரதிகள். 2006 கிராமியில் 'ஆண்டின் சிறந்த ஆல்பம்' பரிந்துரை.

ஒரு விஷயம் கவனியுங்கள். விற்பனையில் இது 'ட்ராஜிக் கிங்டம்' ஆல்பத்தில் பாதிகூட இல்லை. ஆனால் அது சிடி காலம், இது டவுன்லோடு தொடங்கிய காலம். ஒற்றைப் பாட்டை மட்டும் வாங்கும் பழக்கம் பாப்புக்குத்தான் சாதகம்.

விமர்சனமே இல்லையா?

இருந்தது. நான்கு ஜப்பானியப் பின்னணி கொண்ட நடனக் கலைஞர்களை 'ஹராஜுகு கேர்ள்ஸ்' என்று பெயரிட்டுக் கூடவே அழைத்துப் போனார். ஒரு இனத்தையே அலங்காரப் பொருளாக்குவதாக நகைச்சுவைக் கலைஞர் மார்கரெட் சோ உள்படப் பலர் கண்டித்தார்கள். 90-களில் குவென் நெற்றியில் பொட்டோடு மேடையேறியதும் இதே விவாதத்தில் பேசப்படுகிறது. அந்தப் பழக்கம் கனால் குடும்பத்திடமிருந்து வந்தது.

எல்லோருக்கும் இது கைகூடுமா?

இல்லை. நம்ம பஞ்ச்கனியில் படித்த குவீன் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, 1985 ஏப்ரலில் 'மிஸ்டர் பேட் கை' என்ற சோலோ ஆல்பம் போட்டார். குவீனின் உயரத்தை அது தொடவில்லை. மூன்று மாதத்துக்குள் லைவ் எய்ட் மேடையில் குவீனுடன் நின்றார். அந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளை, அவர் இறந்த பிறகு, குவீனே மறுபடி இசைத்து 1995-ல் வெளியிட்டது.

நோ டவுட் என்ன ஆச்சு?

உடையவில்லை. ஆனால் அடுத்த ஆல்பமான 'புஷ் அண்ட் ஷவ்' வர 2012 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 11 ஆண்டு இடைவெளி. பில்போர்டில் 3-ம் இடம், பெரிய ஹிட் எதுவும் இல்லை. 2016-ல் குவெனின் சோலோ ஆல்பம் முதலிடம் பிடித்தது. மற்ற மூவரும் வேறொரு பாடகருடன் 'ட்ரீம்கார்' என்ற பேண்ட் தொடங்கி 2017-ல் ஆல்பம் போட்டார்கள். 2024 கோச்செல்லா விழாவில்தான் நால்வரும் மறுபடி ஒரே மேடையில்.

ஆக, குவென் கதவைச் சாத்திவிட்டுப் போகவில்லை. தன் முன்னாள் காதலரையே சோலோ ஆல்பத்திலும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். ஆனாலும் ஒருவர் தனியாக வளர்ந்த ஆண்டுகளை மற்ற மூவரும் காத்திருப்பில் கழித்தார்கள். அது எந்த சார்ட்டிலும் பதிவாவதில்லை.

நேரம் கிடைத்தால் 'டோன்ட் ஸ்பீக்', 'கூல்' இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.