பரங்கி

பரங்கி: ஐரோப்பியரை, அவருள்ளும் சிறப்பாகப் போர்த்துக்கேசியரைக் குறிக்கத் தமிழ்நாட்டில் வழங்கிவந்த சொல். வெள்ளாறு கடலோடு கலக்குமிடத்தில், சிதம்பரத்துக்கு அணித்தாக உள்ள பரங்கிப்பேட்டை இச்சொல்லால் பெயர் பெற்ற ஊராகும்.

இதன் மூலம் ஒரு ஜெர்மானிய ஜாதியின் பெயரே. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ரைன் நதிக்கரையில் வாழ்ந்து ரோம சாம்ராஜ்யத்தின் எல்லையை அலைக்கழித்த குலங்கள் சில பிராங்கர் எனப்பட்டன; அப்பெயருக்கு ஈட்டி என்று பொருள் சொல்வாரும் உண்டு, வீரம் என்று கொள்வாரும் உண்டு. 1096இல் தொடங்கிய சிலுவைப் போர்களில் அக்குலத்தார் ஆண்ட நாட்டிலிருந்து வந்த சேனைகள் மிகுந்திருந்தமையால், அராபியர் மேற்கத்தியர் அனைவரையும் பேதமின்றி இஃப்ரஞ்ச் என்றனர். பாரசீகர் அதனை ஃபரங்கி ஆக்கினர். ஆகவே 1498இல் வாஸ்கோட காமா கோழிக்கோட்டை அடைந்தபோது, அவர் கூட்டத்தாருக்குரிய பெயர் அராபிய வணிகர் நாவில் முன்னரே ஆயத்தமாக இருந்தது.

போர்த்துக்கேசியர் தம் வெள்ளாற்றுத் துறையைப் புதிய துறை என்ற பொருளில் போர்ட்டோ நோவோ என்றனர். முஸ்லிம்கள் மஹ்மூத் பந்தர் என்றனர். 1781 ஜூலை 1இல் ஹைதர் அலி ஆங்கிலத் தளபதி அயர் கூட்டிடம் தோற்ற யுத்தத்தைச் சரித்திர நூல்கள் போர்ட்டோ நோவோ யுத்தமென்றே எழுதும்; ஊரார் நாவில் நின்றதோ பரங்கிப்பேட்டைதான். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. பிராங்கரின் பெயரைத் தம் தேசத்துக்கே சூட்டிக்கொண்டவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரராயினர். அப்பெயருக்கு அத்தனை உரிமையில்லாதார் அதே கரையில், சற்றுத் தெற்கே, பரங்கியராயினர்.

சொல்லில் இகழ்ச்சி விரைவிலேயே ஏறிற்று. 1606இல் மதுரைக்கு வந்த பாதிரியார் ராபர்ட் டி நொபிலி, மாமிசமும் மதுவும் ஆசாரக்கேடும் இச்சொல்லோடு ஒட்டியிருக்கக் கண்டு, தாம் பரங்கியரல்லர் என்று வெளிப்படையாகவே சாதித்தார்.

அந்நியர் கொணர்ந்தவையும், கொணர்ந்ததாகக் கருதப்பட்டவையும் இதே அடைமொழி பெற்றன. மேகநோய்களுள் ஒன்று பரங்கிப்புண் ஆயிற்று. வடமொழியிலும் 16ஆம் நூற்றாண்டின் பாவப்பிரகாசம் அதனைப் பிரங்க ரோகம் என்றது. அந்நோய்க்கு வைத்தியர் கொடுத்த கிழங்கோ பரங்கிப்பட்டை! சென்னையை அடுத்த பரங்கிமலையும் இவ்வழியதே. திருப்பரங்குன்றத்தை இதனோடு இணைப்பது பிழை. அது பரங்கியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே வழங்கிய பெயர்.

அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த பரங்கிக்காயைப் பிற ஜில்லாக்காரர் சிலர் பூசணி என்பர். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் அது பரங்கியே; மார்கழி விடியலில் கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகும் மஞ்சள் பூவும் பரங்கிப்பூதான்.