சரோனிக் தீவுகளின் ஒருநாள் கப்பல் உலா

ஏதென்ஸ் கடற்கரையிலிருந்து காலையில் புறப்பட்டு, சரோனிக் வளைகுடாவில் உள்ள ஹைட்ரா, போரோஸ், ஏஜினா தீவுகளைத் தொட்டு, மாலையில் கரை திரும்பும் சுற்றுலாக் கப்பல் பயணம். மதிய உணவு கப்பலிலேயே கிடைக்கும். இன்று தலைநகரத்தின் விடுமுறைத் திடலாகிவிட்ட இத்தீவுகளில் ஏஜினா, ஒரு காலத்தில் ஏதென்ஸையே கடலில் எதிர்த்து நின்றது.

ஏதென்ஸின் பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஏஜினா சுமார் 27 கிலோமீட்டர். கிமு 6ஆம் நூற்றாண்டில் அதன் வணிகர்கள் கடலாமை பொறித்த வெள்ளி நாணயங்களை வெளியிட்டனர். கிரேக்க உலகின் மிகப் பழைய நாணயங்களுள் அவையும் அடங்கும். கிமு 480இல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை எதிர்த்து ஏஜினாவின் கப்பல்கள் ஏதென்ஸுக்குத் தோள் கொடுத்தன. ஆனாலும் கிமு 431இல் ஏதென்ஸ் அத்தீவு மக்களைக் குடும்பத்தோடு வெளியேற்றித் தன் குடிகளைக் குடியேற்றியது. கிரேக்க விடுதலைப் போரின் இறுதிக் கட்டத்தில், 1828இல், நாட்டின் முதல் ஆளுநர் கப்போதிஸ்திரியாஸின் அரசு சிறிது காலம் இங்கே இயங்கியது. புதிய நாட்டின் முதல் நாணயமான ஃபீனிக்ஸும் ஆமை நாணயம் பிறந்த இதே தீவில்தான் அச்சானது.

போரோஸைப் பெலோபொன்னேசஸ் நிலப்பரப்பிலிருந்து பிரிப்பது குறுகிய நீரிணைதான். கப்பலின் இரு பக்கமும் வீடுகள் தெரியும். இங்குள்ள பொசைடன் கோயிலில் தஞ்சம் புகுந்த பேச்சாளர் தெமொஸ்தனீஸ், கிமு 322இல் மாசிடோனியர் கையில் சிக்காமல் நஞ்சருந்தி இறந்தார்.

ஹைட்ராவின் செல்வம் பிற்காலத்தது. நெப்போலியன் போர்களின்போது பிரிட்டிஷ் முற்றுகையை மீறித் தானியம் ஏற்றிச் சென்று அதன் கப்பல் முதலாளிகள் பணம் குவித்தனர். 1821 விடுதலைப் போருக்கு அந்தக் கப்பல்களையே கொடுத்தனர். கிரேக்கக் கடற்படைத் தலைவர் மியாவூலிஸ் இத்தீவைச் சேர்ந்தவர். நீராவிக் கப்பல்கள் வந்ததும் பாய்மர வணிகம் சரிந்தது; தீவு கடற்பஞ்சு எடுப்பதை நம்பி வாழ்ந்தது. சோஃபியா லோரன் நடித்து 1957இல் வெளிவந்த 'பாய் ஆன் எ டால்ஃபின்' படம் இங்கே எடுக்கப்பட்டதால் ஹைட்ரா உலகுக்கு அறிமுகமானது. தனியார் கார்களுக்கும் இருசக்கர மோட்டார் வண்டிகளுக்கும் இன்றும் அனுமதி இல்லை. படகில் வந்திறங்கும் சிமெண்ட் மூட்டையும் விருந்தினரின் பெட்டியும் கோவேறு கழுதையின் முதுகில்தான் கல்படிகளில் ஏறுகின்றன.

மூன்று தீவுகளுக்கு ஒரு பகல் போதாது. குறுகிய நேரத்தில் துறைமுகக் கடைவீதியைத்தான் பார்க்க முடியும். பெரும் இழப்பு ஏஜினாவில். கிமு 500ஐ ஒட்டிக் கட்டப்பட்ட அஃபாயா கோயில் தீவின் மறுபக்கக் குன்றில் இருக்கிறது. அதன் முகப்புச் சிற்பங்கள் 1811இல் தோண்டி எடுக்கப்பட்டு, பவேரிய இளவரசரால் வாங்கப்பட்டு, இன்று மியூனிக்கில் உள்ளன. கோயிலுக்கான பேருந்துச் சுற்றுக்குப் பெரும்பாலும் தனிக் கட்டணம் உண்டு. வரலாற்றுக்காகவே போகிறவர்கள் உலாக் கப்பலை விட்டுவிட்டு, பிரேயஸிலிருந்து சாதாரணப் பயணிகள் கப்பலில் ஏஜினாவுக்கு மட்டும் சென்று வருவது நல்லது.