கூட்டிலிருந்து கொசுவம்வரை

காஞ்சிப் பட்டு என்று பெயர் வாங்கும் நூலில் பெரும்பகுதி காஞ்சிபுரத்தில் பிறப்பதில்லை. கர்நாடகத்தின் ராமநகரம், சிட்லகட்டா சந்தைகளில் ஏலம் போகும் பட்டுக்கூடுகளில்தான் அதன் கதை தொடங்குகிறது. மல்பெரி இலை தின்று வளர்ந்த புழு அறுபடாத ஒரே இழையால் பின்னிய கூடு அது. பிரித்து நீட்டினால் பல நூறு மீட்டர் போகும்.

அந்த இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. உள்ளே ஃபைப்ராயின், அதன்மேல் செரிசின் என்னும் பசை. ஃபைப்ராயினில் பெரும்பங்கு கிளைசின், அலனின், செரின் என்ற மூன்று சிறிய அமினோ அமிலங்கள். பெப்டைடு பிணைப்பு அவற்றைச் சங்கிலியாகக் கோக்கிறது. உருவில் சிறியவை என்பதால் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன; பக்கத்துச் சங்கிலியை ஹைட்ரஜன் பிணைப்பு பிடித்துக்கொள்கிறது. பிளஸ் டூ பாடத்தில் பீட்டா அமைப்பு என்று வருவது இதுதான். ஒற்றை ஹைட்ரஜன் பிணைப்புக்கு வலு குறைவு. கோடிக்கணக்கில் சேரும்போது பட்டுக்கு அந்த உறுதி வந்துவிடுகிறது.

வெந்நீரில் கூடுகளைப் போட்டால் பசை இளகும். பல கூடுகளின் இழைகளைச் சேர்த்து ஒரே நூலாக இழுப்பார்கள். முறுக்கேறிய அந்தக் கச்சாப் பட்டு காஞ்சிக்கு வரும்போது சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும். பட்டின் மினுமினுப்பைச் செரிசின் மறைத்துக்கொண்டிருக்கிறது.

அதைக் கழற்றுவது காரத்தின் வேலை. சோப்பும் சோடாவும், அதாவது சோடியம் கார்பனேட்டும், கலந்த கொதிநிலைக்குச் சற்றுக் கீழான நீரில் சிட்டங்களை, அதாவது நூற்கட்டுகளை, முக்கிப் புரட்டுவார்கள். செரிசின் சிதைந்து கரைந்துவிடும். நெருக்கமாக அடுக்கப்பட்ட ஃபைப்ராயின் தாக்குப்பிடிக்கும். சோடாவுக்குப் பதில் காஸ்டிக் சோடாவைப் போட்டால் நூலே நைந்துவிடும். முறையாகச் செய்தாலும் ஒரு கிலோ பட்டு ஏறத்தாழ முக்கால் கிலோவாகக் குறையும்.

அடுத்தது சாயம். 1856-இல் லண்டனில் பதினெட்டு வயது வில்லியம் பெர்க்கின், கொய்னா மருந்து செய்ய முயன்று ஊதாச் சாயத்தில் போய் நின்றார். அது பட்டில் நன்றாகப் பிடித்தது. செயற்கைச் சாயங்களின் காலம் அங்கே தொடங்கியது. இன்று பட்டுக்கு அதிகம் பயன்படுபவை அமிலச் சாயங்கள். சாய மூலக்கூறு எதிர்மின்சுமை கொண்டது. தொட்டியில் அசிட்டிக் அமிலம் சேர்ந்ததும், பட்டின் அமினோ தொகுதிகள் ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர்மின்சுமை பெறுகின்றன. இரண்டும் ஈர்த்துக்கொள்ள, நிறம் பிடிக்கிறது. வேலை தெரிந்த சாயக்காரர் அமிலத்தை ஒரேயடியாகக் கொட்டமாட்டார். கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அவசரப்பட்டால் சாயம் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளிறியும் திட்டுத்திட்டாகிவிடும். அமிலத்தில் அலசிக் காய்ந்த சிட்டத்தைக் கையில் அழுத்தினால் கரகரவென்று ஒரு சத்தம் வரும்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத் தெருக்களில் காலை வெயிலில் நீளவாட்டு நூலான பாவை நீட்டி அரிசிக் கஞ்சி தடவுவார்கள். புரதப் பசை போன நூலுக்கு இப்போது ஸ்டார்ச் பூச்சு. தறியில் உரசல் தாங்க அது வேண்டும்.

பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றி, மின்முலாம் முறையில் பொன் பூசினால் ஜரிகை. முலாம்தொட்டியில் ஜரிகைதான் எதிர்மின்வாய். தங்க அயனி அங்கே எலக்ட்ரானைப் பெற்று ஒடுக்கமடைந்து உலோகமாகப் படிகிறது. தங்கத்தின் பங்கு எடையில் ஒரு சதவீதத்தையும் எட்டாது. காஞ்சிபுரத்திலேயே தமிழ்நாடு ஜரிகை ஆலை என்ற அரசு நிறுவனம் ஜரிகை தயாரிக்கிறது.

குழித்தறியில் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் கூடி, கோர்வைக் கரை சேர்ந்து நூல் புடவையாகிறது. கடைசியில் கொசுவத்தில் மடிந்து ஏதோ ஒரு முகூர்த்தத்துக்குப் போகிறது. வேதிவினை அதோடு முடிவதில்லை. காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் பட்டால் ஜரிகையின் வெள்ளி, சில்வர் சல்பைடாகிக் கறுக்கும். குளோரின் வெளுப்பான் பட்டால் புரதம் சிதையும்.

காஞ்சிபுரத்து வேதியியல் ஆசிரியர்களே, உங்கள் மாணவர்களை ஒருநாள் சாயப்பட்டறைக்கு அழைத்துப்போங்கள். காரம், அயனி, பிணைப்பு என்று மனப்பாடம் செய்ததையெல்லாம் அங்கே ஒரே சிட்டத்தில் பார்த்துவிடுவார்கள்.