பச்சை காட்டிய பரிசோதனை: டெஸ்ட்கொண்டெய்னர்ஸில் சேவைப் பெயரால் தேடுதல்

மென்பொருள் துறையில் புதிதாகக் கால்வைக்கும் எங்கள் இளையோருக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பரிசோதனை தோற்றால் பயமில்லை. பிழை எங்கே என்று தேடலாம். பரிசோதனையே நடக்காமல் பச்சை காட்டினால்தான் ஆபத்து. அப்படியொரு பச்சையை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன்.

ஜாவாவில் எழுதிய மென்பொருளை உண்மையான தரவுத்தளத்துடன் சேர்த்துப் பரிசோதிக்க ‘டெஸ்ட்கொண்டெய்னர்ஸ்’ உதவுகிறது. டொக்கர் கொம்போஸ் கோப்பிலுள்ள சேவைகளைக் கொண்டெய்னர்களாக இயக்கி, வேலை முடிந்ததும் அகற்றிவிடும். அவற்றில் ஒன்றின் பதிவுகளைப் படிக்கவோ, அதற்குள் ஒரு கட்டளையை இயக்கவோ வேண்டுமானால், ‘கெட் கொண்டெய்னர் பை சேர்விஸ் நேம்’ என்பதை அழைத்துச் சேவையின் பெயரைக் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெயருடன் ஓர் எண்ணும் சேரும். கொம்போஸின் முதலாம் பதிப்பில் இடையே அடிக்கோடு: ‘தளம்_1’. இரண்டாம் பதிப்பில் சிறுகோடு: ‘தளம்-1’. ஒரே சேவையின் இரண்டாவது பிரதி ‘தளம்-2’.

முதலாம் பதிப்புக்கான ஆதரவு 2023 நடுப்பகுதியில் முடிந்ததால், எனது நிரலைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். போர்ட்டைத் திறக்கும் வரியில் பழைய அடிக்கோடு இருந்தது. அப்படியொரு சேவை இல்லையென்று உடனே பிழை வந்தது, திருத்தினேன். கொண்டெய்னரைத் தேடும் வரியிலும் அதே அடிக்கோடு இருந்தது. அங்கே பிழை எதுவும் வரவில்லை.

காரணம் இதுதான்: அந்தத் தேடல் தருவது ‘ஒப்ஷனல்’. பெயர் பொருந்தாவிட்டால் அது வெறுமையாக வரும். நான் ‘இஃப் பிரசென்ட்’ என்று எழுதியிருந்தேன். அதாவது, கொண்டெய்னர் கிடைத்தால் மட்டும் அட்டவணைகளைச் சரிபார். கிடைக்கவில்லை, சரிபார்க்கவும் இல்லை, பச்சை எரிந்தது. ஒருநாள் ஓர் அட்டவணையை வேண்டுமென்றே நீக்கிப் பார்த்தபோதும் பச்சையே எரிந்தது. அப்போதுதான் விளங்கியது.

இப்போது நான் கடைப்பிடிப்பவை:

‘இஃப் பிரசென்ட்’ வேண்டாம். ‘ஓர் எல்ஸ் த்ரோ’ எழுதுங்கள். கொண்டெய்னர் கிடைக்காவிட்டால் பரிசோதனை அங்கேயே தோற்கும்.

பெயரை எண்ணுடன் முழுமையாக எழுதுங்கள். பதிப்புக்குரிய கோட்டைக் கவனியுங்கள்.

கொம்போஸ் கோப்பில் கொண்டெய்னருக்கெனத் தனிப்பெயர் சூட்டாதீர்கள். இந்த நூலகம் அதை ஏற்காது.

கொண்டெய்னர்கள் தொடங்கிய பின்னரே தேடுங்கள். முன்னரே கேட்டால் வெறுமைதான் வரும்.

புதிய பரிசோதனை எழுதியதும் ஒருமுறை வேண்டுமென்றே எதையாவது உடைத்துப் பாருங்கள். சிவப்பு எரிந்தால் மட்டுமே அதன் பச்சையை நம்பலாம்.