கயத்தாற்றுத் தூக்கும் பழந்தமிழ்த் தூங்கலும்: ‘ஹேங்’ என்னும் வினைக்குரிய தமிழ்ச் சொற்களின் பொருள் வரலாறு

முன்னுரை

1799 அக்டோபர் 16 அன்று, கிழக்கிந்தியக் கும்பினியின் மேஜர் பானர்மேன் நடத்திய விசாரணையின் முடிவில், வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். பாளையக்காரர்கள் பார்க்கவேண்டும் என்றே அவர்களை வரவழைத்து நிறைவேற்றிய தண்டனை அது. இந்நிகழ்வைச் சொல்ல ஆங்கிலம் ‘ஹேங்’ என்னும் வினையை ஆளும். சட்டையை ஆணியில் மாட்டுவதற்கும், விளக்கு உத்தரத்தில் தொங்குவதற்கும், ஒருவர் தம் உயிரை மாய்த்துக்கொள்வதற்கும் அதுவே வினை. தமிழிலோ இவை மாட்டு, தொங்கு, தூக்கு, நால் எனப் பிரிந்து நிற்கின்றன. ‘தூங்கு’ உறக்கத்தின் பக்கம் நகர்ந்ததும், அதன் பிறவினையான ‘தூக்கு’ மீது தண்டனைப் பொருள் ஏறியதும் இப்பிரிவை உருவாக்கின என்பது இக்கட்டுரையின் துணிபு.

தூங்கு: தொங்கலிலிருந்து உறக்கத்துக்கு

சங்க இலக்கியத்தில் ‘தூங்கு’ என்றால் முதன்மையாகத் தொங்குதலும் அசைதலுமே. குறுந்தொகை 374ஆம் பாட்டில் பனைமரத்தில் கூடு கட்டும் பறவை தூங்கணங்குருவி. ஆலத்தூர் கிழாரின் புறநானூறு 225ஆம் பாட்டு, தொங்கவிடப்பட்ட சங்குக்கு அதே குருவியின் கூட்டை உவமையாக்குகிறது. சோழன் அழித்ததாகச் சொல்லப்படும் ‘தூங்கெயில்’ வானில் தொங்கிய கோட்டை. வஞ்சிப்பாவுக்குரிய தூங்கலோசையிலும் அசைந்து செல்லும் நடையே குறிக்கப்படுகிறது. உறக்கத்துக்கு அன்று துஞ்சு, உறங்கு முதலிய சொற்கள் இருந்தன. மன்னரின் மறைவைக்கூட ‘குளமுற்றத்துத் துஞ்சிய’ என்று நயமாகச் சொன்னார்கள்.

இடைப்படியைத் திருக்குறள் காட்டுகிறது. வினைசெயல்வகை அதிகாரத்தின் 672ஆம் குறளில் ‘தூங்கு’ காலம் தாழ்த்துதலைக் குறிக்கிறது. அரசனுக்கு வேண்டிய பண்புகளைச் சொல்லும் 383ஆம் குறளின் ‘தூங்காமை’யும் கண் விழித்திருப்பதன்று, காலம் தாழ்த்தாமையே. தொங்கி நிற்பது முடியாமல் நிற்கிறது, ஆகவே தாமதம். தலை தொங்கி அசைவது உறக்கத்தின் தொடக்கம், ஆகவே துயில்.

இவ்விரண்டாம் நகர்வுக்கு அண்டை மொழிகள் சான்று. மலையாளத்தில் ‘தூங்ஙுக’ இன்றும் தொங்குதலே. ஆனால் ‘உறக்கம் தூங்ஙுக’ என்றால் உறக்கக் கலக்கத்தில் தலை ஆடுவது. கன்னடத்தில் ‘தூகு’ ஊசலாடுவது, எடைபோடுவது, ‘தூகடிசு’ கண்ணயர்வது. தமிழ் மட்டும் இறுதிவரை சென்று, தூங்குதலை முழு உறக்கமாக்கிவிட்டது. காலியான இடத்தைத் ‘தொங்கு’ நிரப்பியது. நெல்லை, குமரி வட்டாரப் பேச்சோ பழைய ‘உறங்கு’ என்பதை இன்னும் கைவிடவில்லை.

தூக்கு: எடையிலிருந்து தண்டனைக்கு

நீங்கு–நீக்கு, அடங்கு–அடக்கு போலத் தூங்கு–தூக்கு தன்வினை, பிறவினை இணை. தொங்கச் செய்வதே தூக்குதல். தராசில் தொங்கவிட்டால் எடை தெரியும். அதனால் நிறுத்தல், பின் மனத்தில் ஆராய்தல் என்று பொருள் வளர்ந்தது. வலியறிதல் அதிகாரத்தின் முதற்குறளில் (471) ‘தூக்கு’ ஆராய்தலையே குறிக்கிறது. ‘சீர்தூக்கு’ என்று நாம் இன்றும் அதையே சொல்கிறோம். தொங்கவிடுதலையும் எடைபோடுதலையும் குறித்த இலத்தீன் ‘பெண்டெரே’ குடும்பத்திலிருந்தே ஆங்கிலத்தின் ‘பெண்டிங்’ (முடிவாகாமல் நிற்பது), ‘பாண்டர்’ (ஆழ்ந்து எண்ணுவது) ஆகிய சொற்களும் பிறந்தன. தமிழும் இலத்தீனும் தனித்தனியே ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

பழந்தமிழ் நூல்கள் பேசும் கொலைத் தண்டனைகளில் முன்னிற்பவை வாளால் வெட்டுதலும் கழுவேற்றுதலும். சிலப்பதிகாரத்தில் கோவலன் வாளுக்கே இரையாகிறான். கழுமரத்தையும் வாளையும் பின்தள்ளித் தூக்கை அரசின் வழக்கமான தண்டனையாக்கியது கும்பினி ஆட்சி. கயத்தாற்றுக்குப் பின் 1801இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டனர். 1860இன் இந்திய தண்டனைச் சட்டம் மரண தண்டனையை முறைப்படுத்தியது. 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 354(5)ஆம் பிரிவில், சாகும்வரை கழுத்தில் தூக்கிலிட வேண்டும் என்று விதித்தது. இம்முறை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1983இல் தீர்ப்பளித்தது. இவ்வாறு வினையாக இருந்த ‘தூக்கு’ பெயராகி, தூக்குமேடை, தூக்குக்கயிறு, தூக்குத் தண்டனை எனச் சட்டச் சொற்களை ஈன்றது.

நான்று: தானே செய்துகொள்வது

மூன்றாவது வினை ‘நால்’. இதன் பழைய வடிவம் ‘ஞால்’. வாய் தொங்குவதால் யானைக்கு ‘நால்வாய்’ என்று பெயர். மலையாளத்தில் ‘ஞாலுக’ இன்னும் தொங்குதலே. எழுத்துத் தமிழில் மறைந்துபோன இவ்வினை, ‘கொல்’ ‘கொன்று’ ஆவதுபோல் ‘நான்று’ ஆகி, நெல்லைச் சீமைப் பேச்சில் ‘நாண்டுக்கிட்டு’ என ஒரே பொருளில் தங்கிவிட்டது: ஒருவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வது. இதை ‘நாண்’ என்னும் கயிற்றோடு இணைப்பது ஒலி ஒப்புமையால் வந்த மயக்கம். அரசு செய்தால் தூக்கிலிடல், தானே செய்தால் நான்றுகொள்ளல் என்ற பிரிவு இப்படி நிலைத்தது.

ஆங்கிலம் வேறொரு கோடு கிழித்தது. பழைய ஆங்கிலத்தின் ‘ஹோன்’, ‘ஹாங்கியன்’ ஆகிய இரு வினைகளும் வட ஜெர்மானிய வடிவமும் கலந்து ‘ஹேங்’ ஆயின. கயிற்றில் உயிர் போனால் ‘ஹேங்டு’, பிறவற்றுக்கு ‘ஹங்’ என்று இறந்தகாலம் மட்டும் பிரிந்தது. தண்டனையும் தற்கொலையும் அங்கே ஒரே வடிவத்தில் அடங்கின.

முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, உறக்கப் பொருள் தாமதத்தின் வழியும் தலையசைவின் வழியும் வந்த பின்வளர்ச்சி. ‘கோப்பு தூங்குகிறது’ என்னும் அலுவலகப் பேச்சு அறியாமலே குறளின் பொருளை ஆள்கிறது. இரண்டாவது, ‘தூக்கு’ச் சொற்களின் பெருக்கம் கும்பினி ஆட்சியோடும் அதன் நீதிமன்றங்களோடும் பிணைந்தது. மூன்றாவது, இவ்வினைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கக்கூடியவை அல்ல. ‘தொங்கு நாடாளுமன்றம்’ என்று மொழிபெயர்த்த தமிழ், கைப்பேசி உறைந்துபோனால் ‘ஹேங் ஆகிவிட்டது’ என்று ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொண்டதும் அதனால்தான்: தொங்கலும் தூங்கலும் அந்த நிலைக்குப் பொருந்தவில்லை. எனவே ஆங்கில–தமிழ் அகராதிகள் ‘ஹேங்’ என்பதற்கு எதிரே தமிழ் வினைகளை வெறுமனே அடுக்காமல், யார் எதைத் தொங்கவிடுகிறார், எக்கால வழக்கில் என்பதையும் சேர்த்தே பதிய வேண்டும்.