நண்டலாற்றின் இரு கரைகள்

தரங்கம்பாடியிலிருந்து காரைக்காலுக்குப் போகும் பஸ் நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பூவம் வந்துவிடுகிறது. அங்கே இறங்குகிறவர்களில் பலர் எதற்காக இறங்குகிறார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நான் இறங்கியது, சத்தியமாக, டீ குடிப்பதற்குத்தான்.

கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், என் மூக்குக் கண்ணாடியை நம்பியோ என்னவோ, மடியிலிருந்து பாங்கிப் பாஸ் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"தம்பி, இதுல எவ்வளவு இருக்குன்னு பாருங்க."

பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாததற்கும் கீழே போயிருந்தது கணக்கு! குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று அபராதம். அபராதம் எடுக்கப் பணம் போதாததால் மைனஸ். மறு மாதம் மறுபடியும் அபராதம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்போ, நான் ஒரு காசு கடன் வாங்காமலே கடன்காரன் ஆயிட்டேனா?" என்று கேட்டார்.

வாக்குத் தவறியவனிடம் எவ்வளவு பிடுங்கலாம் என்ற கேள்விக்கு ஒரு காலத்தில் இந்த ஆற்றின் இரண்டு கரைகளிலும் இரண்டு விடைகள் இருந்தன. வடக்கே தரங்கம்பாடி 1845 வரையில் டேனிஷ்காரர்களுடையது, பிறகு இங்கிலீஷ்காரர்களுடையது. தெற்கே காரைக்கால், இடையிடையே இங்கிலீஷ்காரர்கள் பறித்துக்கொண்ட காலம் போக, 1739 முதல் பிரெஞ்சுக்காரர்களுடையது. நெப்போலியன் 1804-இல் பிறப்பித்த சிவில் சட்டம் 1819-இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது.

'குறித்த நாளில் நெல்லை அளக்காவிட்டால் நூறு ரூபாய் தருகிறேன்' என்று ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவறினான் என்று வைத்துக்கொள்வோம். நஷ்டம் பத்து ரூபாயாகவே இருக்கட்டும். அந்தச் சட்டத்தின் 1152-ஆம் பிரிவுப்படி, எழுதிய தொகைக்கு மேலும் நீதிபதி கொடுக்க முடியாது, கீழும் குறைக்க முடியாது. பாதியாவது அளந்தவனுக்கு மட்டும் கொஞ்சம் தயவு காட்டலாம்.

வடகரையில் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் வேறு விதமாகப் பேசியது. எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதுவே கிடைக்கும் என்றது அதன் 74-ஆம் பிரிவு. லேவாதேவிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? தொகையாகப் போடாமல், 'தவணை தவறிய நாள் முதல் கூடுதல் வட்டி' என்று புரோநோட்டில் எழுதலானார்கள். 1899-இல் சட்டத்தைத் திருத்தி, அப்படிப்பட்ட கூடுதல் வட்டியும் தண்டனையாகக் கருதப்படலாம் என்று விளக்கம் சேர்த்தார்கள்.

மிதமிஞ்சிய அபராதத்தைக் குறைக்கும் அதிகாரத்தைப் பிரான்ஸ் தன் நீதிபதிகளுக்குக் கொடுத்தது 1975-இல். காரைக்கால் அதற்கு முன்பே, 1954 நவம்பர் 1-ஆம் தேதி, இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது. லண்டன் உச்ச நீதிமன்றமோ 2009-இல், கணக்கில் இருப்பதற்கு மேல் பணம் எடுத்ததற்குப் பாங்கிகள் போடும் கட்டணம் சேவையின் விலையில் ஒரு பகுதியே, அந்த விலை நியாயமா என்று வர்த்தகக் கண்காணிப்பு அலுவலகம் ஆராய முடியாது என்று சொல்லிக் கையை உதறிவிட்டது.

இங்கே 2017-இல் ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதத்தில், குறைந்தபட்ச இருப்பு இல்லாதவர்களிடமிருந்து பாரத ஸ்டேட் வங்கி வசூலித்த தொகை சுமார் 1,771 கோடி ரூபாய். பணம் இல்லாதவனிடம்தான் எவ்வளவு பணம் இருக்கிறது, பாருங்கள்! அந்த வங்கி 2020-இல் இந்த அபராதத்தைக் கைவிட்டது. பெரியவருடைய பாங்கி வேறு.

அவருக்கு வேண்டிய விதி எப்போதோ எழுதப்பட்டு விட்டது. ரிசர்வ் வங்கி 2014 நவம்பரில் அனுப்பிய சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்தது. இருப்புக் குறைந்தால் முதலில் தகவல் தர வேண்டும். சரிசெய்ய ஒரு மாதமாவது அவகாசம் வேண்டும். எவ்வளவு குறைகிறதோ அந்த விகிதத்தில்தான் அபராதம். அந்த அபராதத்தினாலேயே சேமிப்புக் கணக்கு மைனஸில் போகக் கூடாது. கடன் தவணைகளுக்கும் 2023 ஆகஸ்டில் ஓர் உத்தரவு வந்தது. தவறியதற்கு அபராதக் கட்டணம் போடலாம். அதை வட்டியோடு கூட்டக் கூடாது, அதன் மேல் வட்டி போடக் கூடாது, அதை வருமானத்துக்கு வழியாக்கவும் கூடாது. எல்லாம் பொன்னான எழுத்து. ஆனால் பாங்கிக் கவுண்டரில் நின்று அதைக் கேட்கிறவன் யார்?

கடைக்காரரிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, கிளை மேலாளருக்கு மனு எழுதினேன். சுற்றறிக்கையின் தேதியைக் கொட்டை எழுத்தில் போட்டேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போவோம், அதற்குக் கட்டணம் ஏதும் கிடையாது என்றும் சேர்த்தேன்.

பெரியவர் கையெழுத்துப் போட்டார். சின்ன வயதில் இரண்டு வருஷம் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவராம். கையெழுத்தின் அடியில் ஒரு சுழி சுழித்தார் பாருங்கள், கவர்னர் துரை தோற்றுப் போக வேண்டும்!

மூன்று வாரம் கழித்து டெலிபோன் செய்தார். அபராதம் முழுவதையும் திருப்பிப் போட்டுவிட்டார்களாம்.

"புஸ்தகத்துல பதிஞ்சு வாங்கிட்டீங்களா?"

"எங்க தம்பி! மிஷின் ரிப்பேராம். திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க."